சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்: ஸ்டான்லி கப் கோல் மன்னர்களும் எங்கட பிள்ளையளுக்கான ஐஸும்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற சங்கத் தலைவர் ஐயா அவர்களே, இந்தக் குளிருக்குள்ளையும் சொன்ன நேரத்துக்கு வந்து முன்வரிசையில இருக்கிற கவுன்சிலர் அம்மா அவர்களே, தமிழ்ப் பள்ளி அதிபர் ரீச்சர் அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு சதமும் வாங்காமல் தந்த நூலகப் பொறுப்பாளர் அவர்களே, பின்னுக்கு நிண்டு தேத்தண்ணியும் ரோல்ஸும் குடுக்கிற தம்பி தங்கச்சிமாரே, வேலை முடிஞ்சு வீட்டையும் போகாமல் நேர வந்திருக்கிற அப்பாமாரே அம்மாமாரே, உங்கள் எல்லாருக்கும் என்ர வணக்கம். தலைவர் ஐயா போன வருஷமே கேட்டவர், ஐஸ் ஹொக்கியைப் பற்றி தமிழில ஒருக்கா பேசுங்கோவன் எண்டு. இந்தப் பேச்சு அவர் தந்த உற்சாகம்தான், அதை நான் எங்கையும் சொல்லுவன்.

இண்டைக்கு ரெண்டு விஷயம் சொல்லப்போறன். முதலாவது, பிளேஓஃபில, அதாவது சீசன் முடிய ஸ்டான்லி கப்புக்காக நடக்கிற போட்டியில, ஆகக் கூட கோல் அடிச்ச ஆக்கள் ஆர். ரெண்டாவது, எங்கட பிள்ளையளுக்கு ஏன் ஐஸ் வேணும். எங்கட அம்மம்மா எதுக்கும் ஒரு பழமொழி வைச்சிருப்பா, சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். நான் இந்தப் பட்டியலைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும், ஏனெண்டு கொஞ்சத்தில உங்களுக்கே விளங்கும்.

முதல்ல வெய்ன் கிரெட்ஸ்கி. 208 பிளேஓஃப் மட்ச், 122 கோல். அடுத்தது மார்க் மெஸியர், 109. மூண்டாவது ஃபின்லாந்துக்காரன் யாரி குறி, 106. நாலாவது பிறெட் ஹல், 103. நூறைத் தாண்டினது இந்த நாலு பேரும்தான், என்எச்எல் எண்ட வட அமெரிக்க ஹொக்கி லீக்கின்ர சரித்திரத்திலயே வேற ஆளில்லை. அஞ்சாவது கிளென் அண்டர்சன், 93. இப்ப வடிவா யோசிச்சுப் பாருங்கோ, இந்த அஞ்சு பேரில ஹல்லைத் தவிர மற்ற நாலு பேரும் 1980களில எட்மன்டன் ஒய்லர்ஸ் எண்ட ஒரே டீமில, ஒரே பெஞ்சில ஒண்டா இருந்தவை! 84, 85, 87, 88 எண்டு நாலு கப், பிறகு கிரெட்ஸ்கி லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போனாப் பிறகும் 1990இல இன்னொரு கப். குறி 1985இல ஒரே பிளேஓஃபில 19 கோல் அடிச்சவர், அதில கனக்க கிரெட்ஸ்கி குடுத்த பாஸ். கிரெட்ஸ்கியின்ர 122இல 81 எட்மன்டனுக்கு அடிச்சது. ஒருத்தன்ர திறமை எண்டு நாங்கள் எழுதி வைக்கிற நம்பருக்குள்ள மற்ற மூண்டு பேர் இருக்கினம். சட்டி நிறைய இருந்தது, அகப்பையில வந்தது.

இதுக்கு மறுபக்கம் வொஷிங்டன் டீமின்ர ஓவெச்கின். 2025 ஏப்ரலில கிரெட்ஸ்கியின்ர 894ஐத் தாண்டி 895ஆவது கோல் அடிச்சு ரெகுலர் சீசன் சாதனையை எடுத்துப்போட்டார், உலகமே எழும்பி நிண்டு கை தட்டினது. ஆனா அந்த வருஷ பிளேஓஃப் முடியேக்கையும் அவற்ற பிளேஓஃப் கோல் எண்பதைத் தொடேல்ல. ஏன்? 2018இல கப் அடிக்கிறதுக்கு முதல், அவர் இருந்த காலத்தில வொஷிங்டன் ஒருக்காலும் ரெண்டாம் றவுண்டைத் தாண்டேல்ல. பிளேஓஃப் எண்டா நாலு றவுண்ட், ஒவ்வொண்டும் ஏழு மட்ச் வரைக்கும் போற சீரீஸ், நாலு மட்ச் வெண்டா அடுத்த றவுண்ட், மொத்தம் 16 மட்ச் வெண்டாத்தான் கப். டீம் நிண்டு பிடிக்காட்டி நீங்கள் ஏப்ரல் கடைசியிலயோ மே மாசமோ வீட்டை இருந்து ரீவி பார்க்கவேண்டியதுதான், உலகத்தில ஆகப் பெரிய ஷூட்டரா இருந்தாலும்.

நியூயோர்க் ஐலண்டர்ஸ் டீமின்ர மைக் பொஸியைப் பற்றி ஒரு சொல். 129 மட்சில 85 கோல். 1981, 82, 83 மூண்டு வருஷமும் பிளேஓஃபில தலா 17 கோல். முதுகு வருத்தத்தால வெள்ளெண்ணவே ஆட்டத்தை விட்டவர், அந்த முதுகு மட்டும் நல்லா இருந்திருந்தா இந்தப் பட்டியல் வேற மாதிரி இருந்திருக்கும் எண்டு நான் இப்பவும் நம்புறன்.

சரி, இப்ப மொன்றியல் கனேடியன்ஸ் டீமின்ர மொறிஸ் ரிஷார். ரொக்கெட் ரிஷார் எண்டா மொன்றியலில இண்டைக்கும் வயசான ஆக்களின்ர கண் கலங்கும். 133 மட்சில 82 கோல். அவற்ற காலத்தில மொத்தமே ஆறு டீம், ரெண்டு றவுண்ட், எட்டு மட்ச் வெண்டா கப் உங்கட கையில, இப்ப மாதிரி நாலு றவுண்ட் இருந்திருந்தா எத்தினை அடிச்சிருப்பாரோ. 1944 மார்ச் 23, மொன்றியல் ஃபோறம் எண்ட ஹொக்கி அரங்கு, எதிர்ப்பக்கம் வேற ஆர், எங்கட ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ். ரிஷாரை மட்டும் பார்த்துக்கொள் எண்டு பொப் டேவிட்சன் எண்ட ஆளை லீஃப்ஸ் விட்டிருந்தவை, அந்த ஆள் நிழல் மாதிரி பின்னாலயே திரிஞ்சது, முதல் பீரியட்டில ஒரு கோலும் இல்லை. ரெண்டாம் பீரியட் துவங்கினது, ஒரு கோல், மூச்சு விட முன்னம் இன்னொண்டு, பீரியட் முடிய முன்னம் மூண்டாவது. கடைசிப் பீரியட்டில இன்னும் ரெண்டு. மட்ச் முடிய ஸ்கோர் 5க்கு 1, அந்த அஞ்சும் ரிஷார்!

இனித்தான் விஷயம். மட்ச் முடிஞ்சா அண்டைக்கு ஆகத் திறமா விளையாடின மூண்டு பேரை மூண்டு நட்சத்திரம் எண்டு மைக்கில அறிவிக்கிறது வழக்கம், கடைசி ஆளில இருந்துதான் சொல்லுறது. அறிவிக்கிறவர் மைக்கை எடுத்தார், மூண்டாவது நட்சத்திரம், மொறிஸ் ரிஷார் எண்டார். மண்டபம் முழுக்கக் குமுறினது. என்னடா இது, அஞ்சு கோல் அடிச்ச மனுசனுக்கு மூண்டாம் இடமோ, இவனுக்கென்ன விசரோ எண்டு. பிறகு அவர் சொன்னார், ரெண்டாவது நட்சத்திரம், மொறிஸ் ரிஷார். சனம் ஆளை ஆள் பார்க்குது. அப்பதான் சில பேருக்கு மெல்ல விளங்கத் துவங்குது. முதலாவது நட்சத்திரம் எண்டு அவர் வாயைத் திறக்க முதலே ஃபோறம் முழுக்க எழும்பி ரிஷார், ரிஷார் எண்டு கத்தினது! மூண்டு நட்சத்திரமும் ஒருத்தர்! நான் இதை எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது, சொல்லேக்க இப்பவும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அந்த வருஷ பிளேஓஃபில 9 மட்சில 12 கோல், கப்பும் மொன்றியலுக்குத்தான்.

இந்த மனுசன் எங்க பழகினவர் தெரியுமோ? தகப்பன் தச்சுவேலை தெரிஞ்சவர், கனடியன் பசிபிக் ரயில்வேயில வேலை செய்தவர். பெடியனுக்கு நாலு வயசில ஸ்கேட்ஸ் குடுத்து, வீட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு ஐஸ் போட்டுக் குடுத்தவர். கிரெட்ஸ்கியின்ர தகப்பன் வோல்டர், பிறன்ட்ஃபோர்டில பெல் கொம்பனியில ரெலிஃபோன் வேலை. அவரும் பின்வளவில ஸ்பிறிங்க்ளரை வைச்சு இரவிரவாத் தண்ணி அடிச்சு உறைய விட்டு ரிங்க் செய்து, அதில டின்னுகளை வரிசையா வைச்சு, அதுக்குள்ளால வளைஞ்சு வளைஞ்சு ஓடு எண்டு மகனைப் பழக்கினவர். பட்டியலின்ர உச்சியில இருக்கிற ஆளும், அந்தக் காலத்து ராசாவும், ரெண்டு பேரும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையள், வீட்டுப் பின்வளவு ஐஸில வளந்தவை. காசில்லை, ஆனா ஐஸ் இருந்தது. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்.

கவுன்சிலர் அம்மா, இனி நான் உங்களைப் பார்த்துத்தான் பேசப்போறன், குறை நினைக்காதேங்கோ. இந்த ஸ்காபரோவில எங்கட ஆக்கள் எத்தினை பேர் பன்ரெண்டாம் மாடியிலயும் பதினெட்டாம் மாடியிலயும் இருக்கினம், அவைக்குப் பின்வளவு எங்க? நகரத்தின்ர வெளி ரிங்க்தான் எங்கட பின்வளவு. காசு கட்டாமல் போய் ஸ்கேட் பண்ணலாம், அதுக்கு நகரத்துக்கு நன்றி, மனசாரச் சொல்லுறன். ஆனா போன ஒரு குளிர்காலம் எங்கட பக்கத்து ரிங்கில மெசின் பழுதாகி, தண்ணியும் சேறுமாக் கிடந்ததைப் பிள்ளையள் வேலிக்கு வெளியில நிண்டு பார்த்தவை. ஆட்டம் பழக்கிற வகுப்பெண்டா, ஒன்லைனில பதிவு திறந்து நீங்கள் பாஸ்வேர்ட் அடிச்சு முடிக்க முதல் நிரம்பிடும். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து நித்திரையில இருக்கிற அம்மா எப்பிடிப் பதியிறது? சனிக்கிழமை காலமை ஒரு மணித்தியாலம், முதன்முதல் ஐஸில கால் வைக்கிற பிள்ளையளுக்கு எண்டு ஒதுக்கித் தாங்கோ. நாங்கள் கேட்கிறது அவ்வளவுதான்.

கப்பைக் கடைசியா 1967இல பார்த்த டீம் எங்கடது. 1993இல ஏழாவது மட்சில மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்குள்ளயே வந்து கிரெட்ஸ்கி மூண்டு கோல் அடிச்சு எங்களை அனுப்பினது இஞ்ச கனபேருக்கு இப்பவும் ஆறாத காயம். அந்தக் கார்டன்ஸ் இப்ப லோப்லோஸ் கடை. 25ஆம் வரிசையில நிலத்தில ஒரு சிவப்புப் பொட்டு இருக்கு, முந்தி ஐஸின்ர நடு அதுதான், சனம் தள்ளுவண்டிலை உருட்டிக்கொண்டு அதுக்கு மேலால போகுது. ஆனா அதே கட்டடத்தில, பழைய கூரைக்குக் கீழ, மேல் மாடியில ஒரு ரிங்க் இருக்கு, பல்கலைக்கழகப் பிள்ளையள் விளையாடுகினம். மனமிருந்தா கடைக்கு மேலையும் ஐஸ் போடலாம், அதைத்தான் நான் சொல்ல வாறன்.

தகப்பன்மாருக்கும் ஒண்டு. ஹொக்கி பணக்கார விளையாட்டு, எங்களுக்குச் சரிவராது எண்டு சொல்லாதேங்கோ. ஹெல்மெட், ஷின் காட், கையுறை, ஸ்கேட்ஸ் எல்லாம் புதுசா வாங்கப் போனாத்தான் பொக்கற் கிழியும். பிள்ளையளின்ர கால் ஒவ்வொரு வருஷமும் வளருது, ஒரு பிள்ளை போட்டது மற்றப் பிள்ளைக்குக் காணும். பழைய ஸ்கேட்ஸ்தான், பிளேட்டைத் தீட்டினா அப்பிடி வெட்டும். நாடாவைக் கட்டேக்க குதிக்கால் பின்னுக்கு ஒட்டி இருக்கவேணும், கணுக்காலில இறுக்கிக் கட்டுங்கோ, விரல் பக்கம் கொஞ்சம் இளக்கி விடுங்கோ, இல்லாட்டி கால் விறைச்சுப் பிள்ளை அழும். இதைப் பழக்கித் தர எங்கட பெடியள் இருக்கினம். பொம்பிளைப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, 2024 தொடக்கம் பொம்பிளையளுக்கு எண்டு சம்பளத்தோட ஒரு புரோ லீக் நடக்குது, அதில ரொறன்ரோ டீமும் இருக்கு, அவையும் பிளேஓஃப் ஆடுகினம், அவைக்கும் ஒரு கோல் பட்டியல் இப்பதான் எழுதத் துவங்கியிருக்கு.

தலைவர் ஐயா நேரத்தைக் காட்டுறார், சரி. வாசல் மேசையில ரெண்டு கொப்பி இருக்கு. ஒண்டில கவுன்சிலர் அம்மாவுக்குக் குடுக்கிற விண்ணப்பம், பெயரும் தபால் குறியீடும் போட்டுக் கையெழுத்து வையுங்கோ, அம்மா போறதுக்கு முதல் அவவின்ர கையில குடுப்பம். மற்றதில பிள்ளையின்ர வயசையும் சப்பாத்து சைஸையும் எழுதி விடுங்கோ, அலுமாரிக்குள்ள சும்மா கிடக்கிற ஸ்கேட்ஸ் இருந்தா வாற சனிக்கிழமை இந்த மண்டபத்துக்குக் கொண்டுவாங்கோ. நன்றி, வணக்கம்.