வீட்டைப் பற்றிப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புங்கள்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவத் தேர்வு, முடித்த மாணவர்களுக்காக நடந்த கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் மாரியம்மன் ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவி அவர்களே, வேலை நெருக்கடியிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்களே, கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்டு எல்லாரையும் பசியாற வைத்த மகளிர் பிரிவுத் தாய்மார்களே, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் எங்கள் தோட்டத்துப் பழைய கிராணி ஐயா, ஆபீஸ் எழுத்தராக இருந்தவர், உட்கார்ந்திருக்கிறார். இந்த வயதிலும் கைத்தடி ஊன்றி வந்திருக்கும் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம். ஆபீசிலிருந்து கடிதம் வந்தால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாரும் அவரிடம்தான் ஓடுவோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஒரு முறை தனக்குள் படித்து முடித்து, அப்புறம்தான் தமிழில் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்தே நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு நான் பேசப்போவது அவருக்கு வாரிசு தேடுகிற பேச்சுதான்.

மூன்று விஷயங்கள் சொல்வதாக ஏற்பாட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வீடமைப்பு என்ற படிப்பு என்ன, அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும், படிக்கப் பணத்துக்கு என்ன வழி என்பவை அந்த மூன்று.

என் பாட்டி அடிக்கடி சொல்வார்: எலி வளையானாலும் தனி வளை வேண்டும். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக இருந்த வீடுகளில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்வார். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். பாட்டி கேட்டது பெரிய வீடு இல்லை. யாரும் வந்து "காலி பண்ணு" என்று சொல்ல முடியாத வீடு.

சரி, படிப்புக்கு வருகிறேன். நம் வீடுகளில் பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், வக்கீல், கணக்காளர் என்போம். வீடமைப்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972ஆம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு கல்விப் பிரிவைத் தொடங்கிவிட்டது. மலாயில் பெருமாஹான், பங்குனான், பெரஞ்சாங்கான், அதாவது வீடமைப்பு, கட்டடம், நகரத் திட்டமிடல் என்று பெயரிலேயே மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். வீடு என்பது செங்கல்லும் சிமெண்டும் மட்டும் இல்லை. அது நிற்கும் நிலத்துக்குச் சட்டம் உண்டு. மழைத் தண்ணீர் போக வழி வேண்டும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் வேண்டும். கட்டி முடித்தபின் நாற்பது ஐம்பது வருடம் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். இவை அத்தனையும் சேர்ந்ததுதான் இந்தப் படிப்பு.

வேலைகளைப் பாருங்கள். குவான்டிட்டி சர்வேயர் என்று ஒருவர் இருக்கிறார். ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, முதல் கல் வைப்பதற்கு முன்பே, வரைபடத்தைப் பார்த்து எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி, எத்தனை கதவு என்று எழுதி விலை போடுபவர் அவர். 1967லிருந்தே அந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நகரத் திட்டமிடுபவர்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டம். சொத்து மதிப்பீட்டாளருக்கும் வீட்டு முகவருக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டம். 2018இல் சொத்து மேலாளர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். இவை எல்லாம் பதிவு செய்துகொண்டு மரியாதையோடு செய்கிற தொழில்கள்.

அடுக்குமாடி வீடுகளை மறந்துவிடாதீர்கள். 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் மாதம் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி அடுக்குமாடியில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வாங்க வேண்டும், சேமிப்பு நிதி வைக்க வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்து வீட்டுக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். லிஃப்ட் நின்றுபோனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் ஏழாவது மாடிக்கு அரிசி மூட்டை சுமக்கும் நம் மக்கள் எத்தனை பேர்! அந்த நிர்வாக அலுவலகத்தில் கணக்குத் தெரிந்த நம் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் தொழிலுக்கு வழி போட்டவரே ஒரு பெண்மணிதான். ஒக்டேவியா ஹில் என்று லண்டனில் இருந்தார். 1865இல் பாழடைந்த ஏழை வீடுகளை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்று, வாரா வாரம் வாடகை வாங்கப் போகும்போதே கூரை ஒழுகுகிறதா, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தார். பிறகு மற்றப் பெண்களையும் இதே வேலைக்குப் பழக்கினார். வீட்டில் எது ஒழுகுகிறது என்று முதலில் தெரிவது பெண்களுக்குத்தானே!

இப்போது என் அண்ணன் கதையைச் சொல்லியாக வேண்டும். இருபத்தெட்டு வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். சேமநிதிப் பணத்தை எடுத்து ஒரு தாமானில் ஒற்றை மாடி வீடு வாங்கினார். பால் காய்ச்சிய அன்று அண்ணி அழுதார், நானும் அழுதேன். தனி வளை கிடைத்துவிட்டது! ஆறு மாதம் போனது. சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சாய்வாக ஒரு விரிசல். மழை பெய்தால் அதன் வழியே தண்ணீர் இறங்கி அரிசி டின் நனையும். அண்ணன் சிமெண்ட் வாங்கிக் குழைத்து அடைத்தார், மேலே சாயம் பூசினார். மூன்று மாதத்தில் விரிசல் திரும்ப வந்தது. ஒருவர் வாஸ்து சரியில்லை என்றார், அடுப்பைத் திருப்பி வைத்தார்கள். இன்னொருவர் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார், அதையும் உடைத்தார்கள். விரிசல் அப்படியேதான் இருந்தது. "நம்ம நேரம் அவ்வளவுதான்" என்று அண்ணன் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டார்.

அந்தத் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் முறுக்குத் தட்டோடு வந்தாள். ஈப்போவில் கட்டடத் துறை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தவள். தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை, விரிசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் "மாமா, இருபது காசு இருக்கா?" என்றாள். அண்ணன் நாணயத்தைக் கொடுத்தார். அதை விரிசல் பக்கத்தில் ஒட்டி வைத்துப் படம் எடுத்தாள். விரிசல் எவ்வளவு அகலம் என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டுமாம். பிறகு கேட்டாள்: "மாமா, சாவி என்னிக்கு வாங்கினீங்க?"

மைலோ டின்னைக் கவிழ்த்தார்கள். பிறப்புப் பத்திரம், கோயில் ரசீது எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் காகிதம் கிடந்தது. அவள் தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். "இன்னும் பதினோரு நாள் இருக்கு மாமா!"

எதற்குப் பதினோரு நாள்? வீடு வாங்கும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், கட்டிய நிறுவனம் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது, 50,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அண்ணன் அந்த ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டவர். ஒரு வரி படித்துக் காட்ட ஆள் இல்லை.

அந்தப் பெண் ஒரு பக்கத்தில் மலாயில் கடிதம் எழுதினாள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சாப்பு (முத்திரை) வாங்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். மூன்றாவது வாரம் ஆட்கள் வந்தார்கள். சுவரை உடைத்துப் பார்த்தால், ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டல் உத்தரம் சுவரில் போதிய அளவு உட்காரவே இல்லை. எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். வாளி திரும்பக் குளியலறைக்குப் போனது. அப்போது அவளுக்கு வயது இருபது. அந்தத் தாமானில் எத்தனையோ பேர் அவளைத் தேடி வந்தார்கள். பாதிப் பேருக்கு 24 மாதம் எப்போதோ முடிந்திருந்தது.

தம்பி தங்கைகளே, இது நம் ஊர். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள், நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தையே நாம் வாங்கலாம் என்று காட்டினார். இன்றைக்கும் லயத்தில் இருப்பவர்களுக்கு வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலையில் இருப்பவருக்கு எப்படிப்பட்ட வீடு தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் அவர் எங்கே போவார்?

அதனால்தான் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்திருக்கிறோம். தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு மாற்ற அனுமதி கொடுக்கும்போது, அங்கே குடியிருக்கும் குடும்பங்களுக்கு முதலில் மனை ஒதுக்க வேண்டும். முதல் மனுவைக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதிக் கொண்டுபோனோம். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "எத்தனை குடும்பம்? எத்தனை ஏக்கர்? வரைபடம் எங்கே?" எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

அந்தக் கணக்கைப் பிறகு போட்டோம். 20க்கு 65 அடி மனை என்றால் ஒன்று 1,300 சதுர அடி. நூறு வீட்டுக்கு 130,000. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக, வீட்டுக்கு மட்டும் மூன்று ஏக்கர் போதும். ரோடு, கால்வாய், பிள்ளைகள் விளையாட இடம், கோயில் எல்லாம் சேர்த்தாலும் அதைப் போல இரண்டு மடங்கு. நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டத்தில் ஆறு ஏழு ஏக்கர்! எலி வளைதான் கேட்கிறோம், தனி வளையாகக் கேட்கிறோம். எந்த நிலம் எதற்கு என்று காட்டும் உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, குறிப்பிட்ட நாளுக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அந்த வரைபடத்தில் எந்த நிறம் குடியிருப்பு, எந்த நிறம் தொழிற்சாலை என்று பார்த்துச் சொல்ல நமக்கு ஆள் வேண்டும். கிராணி ஐயா கடிதம் படித்துக் கொடுத்தார். அடுத்தவர் வரைபடம் படித்துக் கொடுக்க வேண்டும்.

பணத்துக்கு வழி பற்றி விரிவாகச் சொல்ல நேரம் இல்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் இருக்கிறது, விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் நிரப்பிக் கொடுப்பார். எஸ்.பி.எம். முடிவு சுமாராக வந்தாலும் கவலை வேண்டாம். ஈப்போவில் 1969லிருந்து இருக்கும் உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் சிவில் பொறியியல் டிப்ளோமா இருக்கிறது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகலாம்.

வாசல் மேசையில் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். நீல நோட்டில் இந்தத் துறையில் படிக்க விரும்பும் மாணவர்கள் பெயரை எழுதுங்கள். சிவப்பு நோட்டு லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு: குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறீர்கள். புதிதாக வீடு வாங்கியவர்கள் கடைசிப் பக்கத்தில் சாவி வாங்கிய தேதியை எழுதிவிட்டுப் போங்கள். முறுக்குத் தட்டோடு வந்த அந்தப் பெண் இப்போது குவான்டிட்டி சர்வேயர். அந்த மேசையில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.