காலி சீட்டா அது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் கம்மி. நேரா வந்துடறேன்.

1921-ல அமெரிக்காவுல வட டகோட்டா மாநில மக்கள், நார்வேயில பிறந்த ராக்ன்வால்ட் நெஸ்டோஸை ஆளுநராக்கினது தகுதிக்கா, பழைய ஆளுநர் மேல இருந்த கோபத்துக்கா? நாங்க தகுதி அணி. எதிரணி அண்ணன் என்ன சொன்னாரு? "நெஸ்டோஸ் காலி சீட்ல துண்டு போட்டவரு." கைதட்டலும் வாங்கிட்டாரு.

அண்ணே, காலி சீட்டா? அதுல ஆள் இருந்தாருண்ணே! லின் ஃபிரேசியர். விவசாயி, மூணு தடவை ஜெயிச்ச ஆளுநர். ஆள் மடியில துண்டு போட்டா என்ன நடக்கும்? அண்ணன் முகத்தைப் பார்த்தா, அனுபவம் இருக்கும்போல.

அக்டோபர் 28-ந் தேதி ஓட்டெடுப்பு. அமெரிக்காவுல ஒரு ஆளுநரை மக்களே பாதியில இறக்கினது அதுதான் முதல் தடவை. அடுத்தது 2003-லதான். அந்த 1921 ஓட்டெடுப்புல நடந்த கூத்தைக் கேளுங்க. ஃபிரேசியர் ஆட்சி ஆரம்பிச்ச அரசு வங்கியை மூடலாமான்னும் அன்னைக்கே ஓட்டு. ஜனங்க என்ன சொன்னாங்க? வங்கி இருக்கட்டும், ஆள் வேணாம்! சமையல்காரரே, நீங்க கிளம்புங்க, சாம்பாரை மட்டும் இங்க வச்சிடுங்க!

பின்வரிசைக்குக் கேட்டுச்சா? சாம்பாரை மட்டும்! பரிமாற யாரை நிறுத்தினாங்க? அந்தச் சாம்பாரைக் குறை சொன்ன கூட்டத்து ஆளையே. மனுஷன் முகம் சுளிக்காம பரிமாறினாருய்யா. கிராண்ட் ஃபோர்க்ஸ்ல அரசு மாவு ஆலை 1922-ல ஓட ஆரம்பிச்சதும் நெஸ்டோஸ் காலத்துலதான்.

கதை முடியல. அதே 1922 நவம்பர்ல, துரத்தின சமையல்காரரைக் கூப்பிட்டு செனட்டரா வாஷிங்டனுக்கு அனுப்பிட்டாங்க. அதாவது கோபம் போயிடுச்சு. ஆனா அதே தேர்தல்ல நெஸ்டோஸையும் மறுபடி ஜெயிக்க வச்சாங்க. அது எந்தக் கோபத்துலண்ணே?

1924-ல சொந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற முதல்கட்டத் தேர்தல்லயே நெஸ்டோஸ் தோத்தாரு, உண்மைதான். அதை எதிரணி சொல்லட்டும், அவங்களுக்கும் ஏதாவது வேணும்ல.

நடுவர் அவர்களே, நம்ம வீட்டுல 16 வயசுப் பையனைத் தெருமுனைக் கடைக்கு அனுப்பிட்டு, வாசல்லயே நிக்கிறோம். 1893-ல, அதே 16 வயசுல, நார்வேயில வோஸ்ங்கிற மலை ஊரை விட்டுட்டு, மலையே இல்லாத சமவெளிக்கு ஒரு பையன் வந்து இறங்கினான். இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வராது. தண்ணி வேணும்னா எப்படிக் கேட்டிருப்பான்? காய்ச்சல் வந்தா யார்கிட்ட சொல்லியிருப்பான்? அவனே படிச்சான், வக்கீலானான், மைனாட் ஊர்ல ஆபீஸ் போட்டான்.

துண்டு போட்டா உட்கார்ந்தான் அவன்? 28 வருஷம் நின்னுக்கிட்டே வந்தவன்யா!

வணக்கம்.