நான்கு கையளவு ரப்பர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய முதல் குளிர்காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். மலைச்சாலை. இரவெல்லாம் பெய்த பனி காலையில் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தது. மற்ற கார்கள் ஏற முடியாமல், சக்கரம் வெறுமனே சுழல, ஓரமாக நின்றிருந்தன. நான் நான்கு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்துவிட்டு, எங்கும் திணறாமல் உச்சி வரை ஏறிவிட்டேன். இறக்கத்தில் மூன்றாவது வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நேராகப் போய், சாலையோரம் குவித்து வைத்திருந்த பனிமேட்டில் முட்டி நின்றது. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

அன்று வண்டியில் இருந்தவை புத்தம் புது ஆல் டெரெய்ன் டயர்கள், அதாவது தார், மண், கல் என்று எல்லாத் தரைக்குமான டயர்கள். பட்டன் எல்லாம், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள் எல்லாம், ஆழமாக, முரட்டுத்தனமாக இருக்கும். இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வளைவுக்குப் பிறகு பல ஆண்டுகளாக டயர்களைப் பற்றிப் படித்தும், மாற்றிப் போட்டு ஓட்டியும், டயர் கடைக்காரர்களோடு மணிக்கணக்கில் பேசியும் கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்புவதற்கும் ஏற்றுவதற்கும் உதவும். நிறுத்துவதற்கு உதவாது. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஆகவே நிற்கும் நேரத்தில் உங்கள் வண்டிக்கும் ஒரு சின்னக் காருக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை, உங்கள் வண்டியின் எடை மட்டும் அதிகம். இழுவை நன்றாக இருப்பதால் சாலை வழுக்குவதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வேகம் கூடிவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும்.

தரையைத் தொடுவது எவ்வளவு ரப்பர் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வண்டி இரண்டு டன் என்றால் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. டயரில் காற்றின் அழுத்தம் 35 பிஎஸ்ஐ இருந்தால், தரையைத் தொடும் இடம் சுமார் 200 சதுர சென்டிமீட்டர். விரித்த ஒரு கையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இப்படி நான்கு கையளவு ரப்பரை நம்பித்தான் வளைவில் திரும்புகிறோம். அதனால் டயர் வாங்கும்போது, எந்தச் சேற்றிலிருந்து இது என்னை வெளியே இழுக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எங்கே என்னை நிறுத்தும் என்று கேளுங்கள்.

சரி, ஆல் டெரெய்னுக்கும் பனிக்கால டயருக்கும் என்ன வித்தியாசம்? பார்வைக்குப் பட்டன்தான் வேறுபடுகிறது. ஆனால் முதல் வித்தியாசம் ரப்பரிலேயே இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகும். இறுகிய ரப்பர் சாலையின் சொரசொரப்புக்குள் அமுங்கிப் பிடிக்காது, மேலோடு சறுக்கும். பனிக்கால டயரின் ரப்பர் கலவை கடுங்குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும்படி செய்யப்படுகிறது. டயர் தொழிலில் 7 டிகிரி செல்சியஸை ஒரு எல்லைக்கோடு போலச் சொல்வது வழக்கம். வெப்பநிலை அதற்குக் கீழே போனால், பனியே இல்லாத வெறும் சாலையில்கூட பனிக்கால ரப்பரின் பிடிப்பு மேலோங்கத் தொடங்கும் என்பார்கள். இந்தக் கோட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ரப்பர் சட்டென்று மாறிவிடுவதில்லை. மெல்ல மெல்லத்தான் மாறுகிறது. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள நல்ல எண்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சேறும் பனியும் டயரிடம் நேரெதிரான இரண்டு வேலைகளைக் கேட்கின்றன. சேற்றில் ஓடும் டயர், பட்டன்களின் இடுக்கில் புகும் சேற்றை உடனே உதறித் தள்ள வேண்டும். உதறாவிட்டால் இடுக்குகள் அடைபட்டு மொட்டை டயர் போல ஆகிவிடும். அதற்காகத்தான் சேற்று டயரில் பட்டன்கள் பெரிதாக, எட்ட எட்ட இருக்கின்றன. பனியிலோ கதை வேறு. பனி பனியோடு ஒட்டும். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாகிவிடுகிறது அல்லவா, அதே காரணம்தான். பனிக்கால டயர் தன் இடுக்குகளில் பனியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பனியைக் கொண்டே தரையில் கிடக்கும் பனியைப் பற்றுகிறது. இடுக்கில் பனி அப்பியிருப்பதைப் பார்த்து டயர் சரியில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த டயர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பொழிந்து கிடக்கும் பனி ஒன்று, உறைந்து இறுகிய ஐஸ் வேறொன்று. ஐஸில் பெரிய பட்டன்களால் பயனில்லை. அங்கே உதவுவது பட்டன்களின் மேல் பிளேடால் கீறியது போல இருக்கும் மெல்லிய வெட்டுகள். ஆங்கிலத்தில் இவற்றை சைப் என்பார்கள். 1923-ல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்பவரின் பெயர் அது. பிரேக் பிடிக்கும்போது இந்த வெட்டுகள் விரிந்து, நூற்றுக்கணக்கான விளிம்புகளாகத் தரையைச் சுரண்டும். ஐஸின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தையும் கொஞ்சம் உள்வாங்கும். அந்த நீர்ப்படலம்தான் உண்மையான எதிரி. அதனால்தான் கடுங்குளிரில் காய்ந்து கிடக்கும் ஐஸை விட, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஈரமாக மினுங்கும் ஐஸ் அதிகமாக வழுக்குகிறது. வெயில் வந்துவிட்டது, இனி பயமில்லை என்று யாரும் வேகத்தைக் கூட்டிவிட வேண்டாம்.

இப்போது ஆல் டெரெய்னை எடுத்துக்கொள்வோம். அது நல்ல டயர், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஜல்லிச் சாலை, கூர்மையான கற்கள், மண்பாதை, இடையில் நீண்ட தார்ச்சாலை என்று கலந்து ஓட்டுபவருக்கு அதை விடப் பொருத்தமானது இல்லை. பல ஆல் டெரெய்ன்களில் பக்கச்சுவர் தடிமனாக இருக்கும், ரப்பர் கல்லில் கிழியாதபடி உறுதியாக இருக்கும். பனியில் ஓட்டும்போது சிக்கல் வருவதும் இதனால்தான். கல்லைத் தாங்க உறுதி வேண்டும், ஐஸைப் பிடிக்க மென்மை வேண்டும். ஒரே ரப்பரில் இரண்டையும் முழுமையாகக் கொண்டுவர யாராலும் முடியவில்லை. ஆல் டெரெய்ன் நடுவில் நிற்கிறது. முழுக்க முழுக்கச் சேற்றுக்கென்று செய்த மட் டெரெய்ன் டயரோ பனிக்காலச் சாலைக்கு ஆகவே ஆகாது. தோற்றத்துக்காக அதை வாங்கி, ஐஸ் படிந்த சாலையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் குறிகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். எம் பிளஸ் எஸ் என்று ஒரு குறி உண்டு. சேறு, பனி இரண்டுக்கும் என்று பொருள். நான் அன்று நம்பியிருந்தது இந்தக் குறியைத்தான். பட்டன் அமைப்பு ஒரு குறிப்பிட்ட விதமாக இருந்தாலே தயாரிப்பாளர் இதைப் பொறித்துக்கொள்ளலாம், பனியில் ஓட்டிச் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை. இன்னொரு குறி, மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும். இது 1999-ல் வட அமெரிக்காவில் வந்தது. இறுகிய பனியில் ஓட்டிச் சோதித்து, ஒப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் டயரை விடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்டினால்தான் அங்கே இந்தக் குறி கிடைக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல், பனிக்காலச் சாலை நிலைமையில் இந்த மலைக்குறி உள்ள டயரைத்தான் சட்டம் ஏற்கிறது. எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தால் அங்கே செல்லாது.

ஆனால் வட அமெரிக்கச் சோதனை இழுவையைத்தான் அளக்கிறது. ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கும், வளைவில் பிடிக்குமா என்பதற்கு அதில் விடை இல்லை. மலைக்குறி உள்ள ஆல் டெரெய்ன் டயர்கள் இப்போது நிறைய வருகின்றன, பனியில் நன்றாகவே ஓடுகின்றன. அதே குறி உள்ள உண்மையான பனிக்கால டயரோடு ஐஸில் அவற்றை ஒப்பிட முடியாது.

அப்படியானால் எதை வாங்குவது? என் கருத்தைச் சொல்கிறேன். வருடத்தில் சில நாட்கள் மட்டும் பனி, மற்ற நாளெல்லாம் மண்ணும் தாரும் என்றால், மலைக்குறி உள்ள ஆல் டெரெய்ன் ஒரு செட் போதும். மாதக்கணக்கில் குளிர், காலையில் சாலையில் ஐஸ் என்றால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்துக்குத் தனி டயர், தனி ரிம். செலவு இரண்டு மடங்கு என்று தோன்றும். ஒரு செட் ஓடும்போது இன்னொன்று தேயாமல் கிடக்கிறது என்பதால் இரண்டுமே கூடுதல் காலம் வரும், உண்மையான கூடுதல் செலவு பெரும்பாலும் ரிம் மட்டும்தான். பனிக்கால டயரையே கோடையிலும் ஓட்டித் தீர்த்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். சூட்டில் அந்த மென்மையான ரப்பர் மளமளவென்று தேயும், உலர்ந்த சாலையில் பிரேக் தூரமும் கூடும்.

அளவைப் பொறுத்தவரை, அகலமான டயர் பனியில் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அடியில் தார் இருக்கும் சாலையில் பனி பெய்திருந்தால் குறுகலான டயர்தான் பனியை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். அகல டயர் பனியைத் தன் முன்னே குவித்துக்கொண்டே போகும். டயரின் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம். உதாரணமாக 265/70 ஆர் 17 டயரின் மொத்த உயரம் சுமார் 803 மில்லிமீட்டர். 245/75 ஆர் 17 சுமார் 799. உயரம் ஏறக்குறைய அதேதான், அகலம் 20 மில்லிமீட்டர் குறைவு. வண்டிக் கையேடு அனுமதித்தால் பனிக்காலச் செட்டுக்கு இப்படி ஒரு அளவை யோசிக்கலாம். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளின் மேல் ஓட்டுபவர்கள் இதற்கு நேரெதிராகச் செய்கிறார்கள். 38, 44 அங்குல டயர்களைப் போட்டு, காற்றை 5 பிஎஸ்ஐ-க்கும் கீழே இறக்கி, அடி காணாத பனியின் மேல் மிதந்து போகிறார்கள். அது அந்த இடத்துக்கான வித்தை, சாலைக்கு அல்ல.

பெரிய டயர் போடும் ஆசை வந்தால் ஸ்பீடோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே 17 அங்குல ரிம்மில் 265/70-க்குப் பதில் 285/70 போட்டால், மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதை விட மூன்றரை சதவீதம் வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். டயரில் பொறித்திருக்கும் பாரம் தாங்கும் எண்ணையும் பாருங்கள். 115 என்றால் ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். வண்டிக்குச் சொல்லப்பட்ட எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. எல்டி என்று தொடங்கும் லைட் டிரக் டயர்கள் கல்லுக்கும் பாரத்துக்கும் உறுதியானவை, ஆனால் எடை அதிகம், ஓட்டத்தில் குலுங்கும். அதே பாரத்தைத் தாங்க அவற்றுக்குக் கூடுதல் காற்று வேண்டும். பழைய டயருக்குப் பிடித்த அளவையே இதற்கும் பிடிப்பது தவறு.

ஆணி பதித்த டயர்கள் ஐஸில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் சாலையைச் சுரண்டித் தூசாக்குகின்றன. அந்தத் தூசு காரணமாக ஜப்பான் 1990-ல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. நீங்கள் ஓட்டும் ஊரின் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எதை வாங்கினாலும் நான்கையும் ஒன்றாக வாங்குங்கள். முன்னால் பனிக்கால டயர், பின்னால் பழையது என்று போட்டால் வளைவில் பின்பக்கம் தானாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அதோடு, எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் வண்டியில் டயர்களின் சுற்றளவு வேறுபட்டால், இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம் ஓய்வில்லாமல் உரசிச் சூடாகும். ஒரு டயர் கிழிந்தால் அது ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது இப்படிப்பட்ட வண்டிகளில் ஆபத்து. அதனால் ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும், அவ்வப்போது மற்றவற்றோடு சுழற்சியில் வரட்டும்.

கடையில் கொடுக்கும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பனிக்கால ரப்பர் கிடங்கில் கிடந்தாலும் வயதாகி இறுகும். பட்டனின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியில் அதன் பிடிப்பு வேகமாகக் குறைகிறது. ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்குச் சட்டப்படியே 4 மில்லிமீட்டர் வேண்டும்.

கடைசியாகக் காற்று. வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். இதமான நாளில் பிடித்த காற்று முதல் கடுங்குளிர் காலையில் 4, 5 பிஎஸ்ஐ குறைந்திருப்பது சாதாரணம். வண்டியை ஓட்டுவதற்கு முன்னால், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து பாருங்கள். மணலிலோ ஆழமான பனியிலோ சிக்கி, காற்றை இறக்கி வெளியே வந்திருந்தால், தார்ச்சாலையில் வேகமெடுப்பதற்கு முன் மீண்டும் பிடித்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் ஒரு சின்னக் காற்றுப் பம்பும் அளவுமானியும் எப்போதும் பின்சீட்டுக்கு அடியில் இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.