பிளானிட்சா: நூறு மீட்டரைத் தாண்டிய மலைச்சரிவு

எல்லாரும் உட்கார்ந்தாச்சா? சரி, ஆரம்பிக்கலாம்.

ஸ்கீ ஜம்பிங், அதாவது காலில் நீளமான பனிச்சறுக்குப் பலகைகளை (ஸ்கீ) மாட்டிக்கொண்டு பனிச்சரிவில் வேகமாக இறங்கிக் காற்றில் பறக்கும் விளையாட்டு என்றதும் வீரர் மேலே எம்பிக் குதிப்பதாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அவர் வேகமெடுத்து இறங்கிவரும் ஓடுபாதையின் கடைசி முனையே பத்து, பதினோரு டிகிரி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். ஆள் காற்றில் மிதக்க மிதக்க மலைச்சரிவும் கூடவே கீழே இறங்குவதால், அவர் காலுக்கும் பனிக்கும் நடுவே சில மீட்டர்தான் இடைவெளி. ஆக, தூரத்தில் பாதி பறப்பவர் கையில் என்றால் மீதி மலையைச் செதுக்கியவர் கையில். பதக்கம் என்னவோ பறந்தவருக்குத்தான்!

ஸ்லோவேனியாவில், கிரான்ஸ்கா கோரா என்ற மலைவாசத் தலத்துக்குப் பக்கத்தில் பிளானிட்சா பள்ளத்தாக்கு இருக்கிறது. அப்போது அது யூகோஸ்லாவியா. 1934-இல் அங்கே உருவான பெரிய சரிவை வளர்த்தெடுத்த ஸ்டான்கோ புளூடெக், விமானம் வடிவமைத்த பொறியாளர். காற்றைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சர்வதேச ஸ்கீ கூட்டமைப்புக்கு இவ்வளவு பெரிய சரிவுகளே பிடிக்கவில்லை. மனிதர் கேட்கவில்லை. 1936 மார்ச் 15 அன்று செப் பிராடல் என்ற 18 வயது ஆஸ்திரியப் பையன் அங்கே 101 மீட்டர் பறந்து தரையிறங்கினான். நூறைத் தாண்டிய முதல் மனிதன்.

அப்புறம் 1969-இல் கொரிஷெக் சகோதரர்கள் அதே பள்ளத்தாக்கில் இன்னும் பெரிய சரிவைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு பறக்கும் பாணியும் மாறியது. ஸ்வீடனின் யான் போக்லவ் ஸ்கீகளை இணையாக வைக்காமல் V வடிவில் விரித்துப் பறக்க, நடுவர்கள் 'அழகாக இல்லை' என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அப்படியிருந்தும் 1988-89 உலகக் கோப்பை அவருக்குத்தான். சில வருஷத்தில் எல்லாரும் அந்த V-க்கு மாறிவிட்டார்கள், நடுவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

1994 மார்ச் 17, மறுபடி பிளானிட்சா. ஆஸ்திரியாவின் ஆண்ட்ரியாஸ் கோல்ட்பெர்கர் 202 மீட்டர் வந்துவிட்டார், ஆனால் இறங்கும்போது கை பனியில் பட்டுவிட்டது, செல்லாது. அதே நாளில் பின்லாந்தின் டோனி நியமினென் 203 மீட்டரில் நின்று காட்டினார். அவருக்கும் வயது 18!

2011-இல் அதிக தூரம் பறந்த உலக சாதனை நார்வேயின் விக்கர்சுண்டு சரிவுக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரப் பதினான்கு வருஷம் ஆனது. 2025 மார்ச் 30 அன்று உள்ளூர்ப் பிள்ளை டோமன் பிரெவ்ட்ஸ் பிளானிட்சாவில் 254.5 மீட்டர் பறந்தார். பழைய சாதனையைவிடச் சரியாக ஒரே ஒரு மீட்டர் கூடுதல்.