விளம்பரக் குரலுக்கும் ஒரு பெயர் உண்டு

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு வானொலி விளம்பரங்களில் பேசுகிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன். துணிக்கடைத் தள்ளுபடி, வீட்டுமனை விற்பனை, கல்லூரிச் சேர்க்கை என்று எது வந்தாலும் ஒவ்வொரு நகரத்திலும் மாறி மாறி ஒலிப்பவை சில குரல்கள்தான். கேட்டதும் "அட, இவரா!" என்கிறோம். ஆனால் யார் இவர்? பாடுகிறவரின் பெயரைச் சொல்கிறார்கள், இசையமைத்தவரின் பெயரைச் சொல்கிறார்கள், பாட்டு எழுதியவரைக்கூடச் சொல்கிறார்கள். இடையில் வரும் முப்பது நொடிக்கு மட்டும் பெயர் கிடையாது. எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த முப்பது நொடியில் என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று காட்டுகிறேன். இதோ, பயிற்சிக்காக நான் எழுதிய விளம்பரம். கடையின் பெயர் இரண்டு முறை, சலுகை முடியும் நாள், முகவரி, தொலைபேசி எண். பென்சிலால் சாய்கோடுகள் போட்டிருக்கிறேன், தெரிகிறதா? அங்கேதான் மூச்சு வாங்க வேண்டும், வேறெங்கும் கூடாது. பத்து இலக்க எண்ணைக் கடகடவென்று ஒப்பித்தால் யார் மனத்திலும் நிற்காது. ஐந்து இலக்கம், சிறு இடைவெளி, மீண்டும் ஐந்து. கடையின் பெயர் 'ப'வில் தொடங்கினால் காற்று நேராக மைக்கில் மோதி வெடிக்கும்; வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு வரியை முகத்தில் அசைவே இல்லாமல் படிக்கிறேன்: "இந்த ஞாயிறு வரை மட்டுமே." அதையே சிரித்தபடி படிக்கிறேன்: "இந்த ஞாயிறு வரை மட்டுமே." கேட்டீர்களா? உதடுகள் விரியும்போது தொண்டையிலிருந்து உதடு வரையுள்ள ஒலிப்பாதையின் நீளம் கொஞ்சம் குறைகிறது. குரலின் நிறம் மாறுகிறது. சிரிப்பைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை, காதே கண்டுபிடித்துவிடும். இன்னும் நெருங்கி வருகிறேன். இந்த வகை மைக்கில் வாயைப் பக்கத்தில் கொண்டுவந்தால் கீழ்ஒலிகள் கனத்துவிடும். விளம்பரத்தில் ஒருவர் நம் காதோடு பேசுவதுபோல் தோன்றுவதற்கு இது பெரிய காரணம். இவ்வளவையும் செய்துகொண்டு, எதையும் செய்யாதவர் போலப் பேச வேண்டும்!

வானொலியில் காசு வாங்கி விளம்பரம் ஒலிபரப்புவது நியூயார்க்கில் 1922 ஆகஸ்ட் 28 அன்று, அடுக்குமாடி வீடுகளை விற்பதற்கான ஒரு பேச்சோடு தொடங்கியது என்பார்கள். நூறு ஆண்டு கடந்த தொழில் இது. பெயர் சொன்னால் குரல் எப்படி நிலைக்கும் என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரைக் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களும் வீட்டு மனிதர்களைப்போல் பெயர் சொல்லித்தான் பேசினார்கள். முகம் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பெயரில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சூசன் பென்னட்டின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் விளம்பரங்களுக்குப் பாடியும் பேசியும் வந்தவர். பணம் எடுக்கும் இயந்திரம் புதிதாக வந்த 1970களில், அந்த நகரத்து வங்கி ஒன்று தன் இயந்திரத்துக்கு 'டில்லி' (Tillie) என்று பெண் பெயர் வைத்தது. அதன் விளம்பரப் பாட்டைப் பாடியவர் இவர். 2005 ஜூலையில் ஒரு நிறுவனத்துக்காக, நாள்தோறும் பல மணி நேரம், பொருளே இல்லாத வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுத்தார். 2011 அக்டோபரில் ஐபோனில் 'சிரி' (Siri) என்ற குரல் உதவியாளர் பேசத் தொடங்கியது. "இது நீங்கள்தானே?" என்று சக கலைஞர் ஒருவர் கேட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. 2013இல் அவரே வெளியே வந்து சொன்னார். தன் குரல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்! இன்றைக்குச் சில நிமிடப் பதிவை வைத்தே ஒரு குரலைப்போல் இன்னொன்றை உண்டாக்கிவிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளே, எந்த விளம்பரத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு, செயற்கைக் குரல் தயாரிக்க அனுமதி உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்காமல் மைக் முன்னால் உட்காராதீர்கள்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. லண்டன் சுரங்க ரயிலில், எம்பேங்க்மென்ட் நிலையத்தில், ரயிலுக்கும் நடைமேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பை ஆஸ்வால்டு லாரன்ஸ் என்ற நடிகர் பதிவு செய்திருந்தார். அவர் 2007இல் இறந்த பிறகு, அவருடைய மனைவி அந்த நடைமேடையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுவிட்டுப் போவார். 2012இல் புதிய ஒலிக்கருவி வந்தது, குரல் மாறியது. பழைய குரல் எங்கே என்று அந்த மனைவி நிர்வாகத்திடம் விசாரித்தார். நிர்வாகம் பழைய பதிவைத் தேடி எடுத்து அவருக்கும் ஒரு பிரதி கொடுத்தது, 2013இல் அந்த நிலையத்தில் மீண்டும் ஒலிக்கவும் விட்டது. பதிவு பத்திரமாக இருந்ததால் நடந்தது இது. வானொலி விளம்பரங்களில் எத்தனைக்கு அப்படிப் பதிவு இருக்கும்? சலுகை முடிந்ததும் விளம்பரத்தின் வேலையும் முடிந்தது. யார் எடுத்து வைப்பார்கள்?

நீங்கள் வைத்திருக்கலாம். வானொலியிலிருந்து பாட்டுப் பதிவு செய்த பழைய கேசட்டுகளை இப்போது பலர் கணினிக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிகிறார்கள். அந்தப் பாட்டு வேறு பத்து இடங்களில் நல்ல தரத்திலேயே கிடைக்கும். வெட்டிய விளம்பரம் கிடைக்கவே கிடைக்காது. அதனால் கேசட்டை இரு பக்கமும் தொடக்கம் முதல் முடிவு வரை அப்படியே ஓடவிடுங்கள். நிலையத்தின் பெயரையும், ஆண்டு தெரிந்தால் அதையும், கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பேசுகிறவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தெரிந்தால் அந்தப் பெயரை முதலில் எழுதுங்கள்.