கொளுத்தும் முன்பே புகை குடித்த சுருட்டு

(காட்சி: இலையுதிர்காலத்துக் காலை. கறுத்த பலகைச் சுவர் கொண்ட உயரமான கொட்டகை. கூரையிடுக்குகள் எல்லாவற்றிலிருந்தும் புகை கசிகிறது.)

கொட்டகை தீப்பற்றிவிட்டது என்று பதறி நீங்கள் தீயணைப்பு நிலையத்தை அழைத்தால், "நீங்கள் இந்த ஊருக்குப் புதியவரா?" என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ஹாப்கின்ஸ்வில்லிலும், எல்லைக்கு அப்பால் டென்னசியின் ஸ்பிரிங்ஃபீல்டிலும், அறுவடை முடிந்த நாட்களில் இது அன்றாடக் காட்சி. உள்ளே ஓர் ஆண்டுப் புகையிலை விளைச்சல் முழுவதும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்க, அதற்கு நேர் கீழே விவசாயியே வேண்டுமென்று மூட்டிய நெருப்பு கனன்றுகொண்டிருக்கிறது. அந்த இலையில் சுற்றிய சுருட்டைப் புகைத்தால் என்ன சுவை தெரியும், ஏன் அப்படித் தெரியும் என்பதுதான் இன்றைய வீடியோ. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இங்கேயே விடைபெறலாம். மற்றவர்களும் கடைசிப் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

முன்கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பறித்த புகையிலையை வெயிலில் உலர்த்தலாம், காற்றோட்டத்தில் தொங்கவிடலாம், குழாய் வழியே சூட்டை மட்டும் செலுத்திப் புகை படாமல் வாட்டலாம், இல்லையென்றால் நேரடியாகப் புகை போடலாம். வர்ஜீனியா வகைச் சிகரெட் புகையிலை குழாய்ச் சூட்டில் வாடியது, கியூபாவிலும் நிகராகுவாவிலும் சுற்றப்படும் பெரும்பாலான சுருட்டுகள் காற்றில் உலர்ந்தவை, நம்முடையது நான்காவது வகை. இதே வட்டாரத்தில், ஏகபோகக் கொள்முதல் நிறுவனம் விலையை வீழ்த்தியதால் வெகுண்ட விவசாயிகள் முகமூடியுடன் குதிரையேறிக் கிடங்குகளைக் கொளுத்தியதும், 1907 டிசம்பரில் ஓர் இரவு ஹாப்கின்ஸ்வில் நகரையே கைப்பற்றியதும் தனிக்கதை. நீங்கள் கேட்டால் அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

(காட்சி: கொட்டகையின் உட்புறம், தரைமட்டத்திலிருந்து.)

தரையில் ஓக், ஹிக்கரி போன்ற கடின மரங்களின் பலகைக் கழிவுகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் மரத்தூளைக் குவித்துத் தீ வைக்கிறார்கள். மரத்தூளின் வேலை நெருப்பை வளர்ப்பதன்று, அடக்குவது. சுவாலை எழுந்துவிட்டால், மேலிருந்து உதிரும் ஒரே ஒரு காய்ந்த இலை போதும், கொட்டகையும் பயிரும் சேர்ந்து சாம்பலாகிவிடும். இலை மஞ்சளாகும் வரை சூடு 40 பாகை செல்சியசை ஒட்டியே இருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கூட்டினால் பச்சை நிறம் இலையிலேயே தங்கிவிடும், விலையும் போகாது. பிறகு படிப்படியாகச் சூட்டை ஏற்றி, நரம்பு வரை உலர்த்தி, கடைசிக் கட்டத்தில் சூட்டைத் தணித்துப் புகையை மட்டும் அடர்த்தியாகப் பரவவிடுகிறார்கள். வாரக்கணக்கில் நீளும் இந்த வேலை முடியும்போது இலை மினுமினுப்பான கரும்பழுப்பு நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் பிசுபிசுப்போடு இருக்கும். அந்தப் பிசுபிசுப்பில் செடியின் பங்கு பாதிதான். மீதி மரத்திலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம், ஆகவே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். மாசி தெரியுமல்லவா? சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, கட்டையாகும் வரை வெயிலில் உலர்த்தும் அதே மாசிதான். அதை இடித்துச் சம்பலில் போட்டவர்களுக்கு ஒரு செய்தி தெரிந்திருக்கும்: நாக்கில் முதலில் வந்து நிற்பது மீனன்று, புகை. மீன் அதற்குப் பின்னால்தான் மெல்ல எட்டிப் பார்க்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதையும்போது குவயகால், சிரிங்கால் முதலிய பீனால் வகைச் சேர்மங்கள் பிறந்து, புகையோடு ஏறி, அருகில் தொங்கும் பொருளின் மேல் படிகின்றன. புகைந்த பண்டத்தின் சுவையில் குவயகாலுக்கும், மணத்தில் சிரிங்காலுக்கும் பெரும் பங்கு உண்டு. ஓக் போன்ற கடின மரங்களில் இரண்டும் கிடைக்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் புகையில் சிரிங்கால் மிக அரிது. கென்டக்கிக் கொட்டகையில் கடின மரத்தையே அடுக்குவதற்கு விவசாயி வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பைன் புகை போட்ட இலையின் பிசின் நெடியை ஒருமுறை முகர்ந்திருந்தால் போதும்.

ஆனால் மாசிக்கும் சுருட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அதில்தான் சுவாரசியமே இருக்கிறது. மாசியில் படிந்த புகையைத் தேங்காயும் எலுமிச்சையும் தணித்துவிடுகின்றன. சுருட்டிலோ, இலையில் படிந்த பழைய புகையை நாம் மறுபடியும் கொளுத்துகிறோம். கொட்டகைப் புகையும் இலை எரியும் புதுப்புகையும் ஒன்றாக வாய்க்குள் வருகின்றன. (மாசியைக் கொளுத்திப் பார்த்துவிட்டுக் கருத்துப் பகுதியில் என்னைத் திட்ட வேண்டாம்.)

(காட்சி: மேசையின் மேல் கரடுமுரடான, நடு பருத்து முனைகள் மெலிந்த சுருட்டு ஒன்று.)

இந்த அனுபவத்தைக் கலப்பில்லாமல் அறிய வேண்டுமென்றால் இத்தாலிக்குப் போக வேண்டும். 1815இல் ஃபுளோரன்சில் வெட்டவெளியில் கிடந்த கென்டக்கிப் புகையிலை மழையில் நனைந்து நொதித்துவிட, வீணாக்க மனமில்லாமல் மலிவுச் சுருட்டாகச் சுற்றி விற்றதில் டொஸ்கானோ என்ற இத்தாலியச் சுருட்டு பிறந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். விபத்தில் பிறந்த உணவுக் கதைகள் எல்லாவற்றையும் போல இதையும் நான் பாதிதான் நம்புகிறேன். 1818இல் டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் ஃபெர்டினாண்டின் காலத்தில் முறையான உற்பத்தி தொடங்கியது என்பது மட்டும் வரலாறு. லூக்கா நகரத் தொழிற்சாலையில் பெண்கள் இன்றும் இதைக் கையால் சுற்றுகிறார்கள்.

பார்வைக்கு அழகில்லாத சுருட்டு இது. வேர்த்துண்டைப் போல வளைந்து, முடிச்சு முடிச்சாக இருக்கும். கியூபாச் சுருட்டுக்கு வேண்டிய, ஈரப்பதம் காக்கும் பெட்டி இதற்குத் தேவையில்லை. நுனியை வெட்டும் சடங்கும் இல்லை. நடுவில் இரண்டாக நறுக்கி ஒரு பாதியைப் புகைப்பதே பரவலான வழக்கம். கொளுத்தும் முன்பே அணைந்த விறகின் நெடி மூக்கைத் தொடும். பற்றவைத்ததும் முதல் சில இழுப்புகளில் புகைந்த கட்டை, பதனிட்ட தோல், உதட்டில் இலேசான உப்பு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதும். இதைச் சகிக்க முடியாமல் பலர் அங்கேயே கீழே வைத்துவிடுவார்கள். பொறுத்தவர்களுக்கு ஒரு திருப்பம் காத்திருக்கிறது: மூக்கு புகைக்குப் பழகியதும் விறகு நெடி பின்வாங்கி, இலையின் காரமும் அடியில் ஒரு மங்கலான இனிப்பும் தலைகாட்டும். கடைசிப் பகுதியில் சூடு ஏறி எல்லாம் தாரின் கசப்பாகிவிடும்; அங்கே நிறுத்துவதே நல்லது. அவசரமாக இழுத்தால் அந்தக் கசப்பு முன்கூட்டியே வரும்.

இந்தப் புகை காரத்தன்மை உடையது. ஆகவே நுரையீரலுக்குள் இழுக்காமல் வாயில் வைத்திருந்தாலே நிக்கோட்டின் இரத்தத்தில் கலந்துவிடும். வெறும் வயிற்றில் முயல்பவர்களுக்குத் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, குமட்டல் எல்லாம் வரிசையாக வரும். புகைத்தவர் மறந்தாலும் அவருடைய மீசையும் சட்டையும் மறுநாள் வரை மறக்காது.

அமெரிக்கர்கள் 2010களில்தான் இந்த இலையைப் பெரிய சுருட்டுகளில் துணிந்து சேர்த்தார்கள். ட்ரூ எஸ்டேட் நிறுவனம் தன் சுருட்டுக்கு வைத்த 'கென்டக்கி ஃபயர் கியூர்டு' என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் பொரித்த கோழிக்கடை வந்து நிற்கும். அது தற்செயல் என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள். பிற இலைகளோடு கலப்பதால் இவற்றில் புகைச்சுவை மட்டுப்பட்டிருக்கும் என்றாலும், மற்றச் சுருட்டுகளுடன் ஒரே பெட்டியில் வைத்தால் பெட்டி முழுவதும் விறகு நாறும்.

நம் பக்கம் வந்தால், திருச்சிச் சுருட்டு இந்தக் குடும்பத்தில் சேராது. சேர்வது யாழ்ப்பாணம். அங்கே புகையிலையைக் குடிலில் கட்டித் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு, அதாவது உரித்த மட்டை, எரித்துப் புகை போடும் வழக்கம் உண்டு. ஓக் இருந்த இடத்தில் தென்னை, மற்றபடி தத்துவம் ஒன்றே.

தவறவிட வேண்டாம் என்று சொன்ன பகுதி இது. அதே கொட்டகை நெருப்பு நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வெளியிடுகிறது. அவை இலையிலுள்ள நிக்கோட்டின் முதலியவற்றுடன் வினைபுரிந்து, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்களாக மாறுகின்றன. புகையிலுள்ள பென்சோபைரீன் போன்றவையும் இலையில் படிகின்றன. ஆகவே பதப்படுத்தும் முறைகளுள் இத்தகைய நச்சுகள் மிகுதியாகச் சேர்வது இதில்தான். சுவையைக் கொடுத்த புகையிலிருந்து இவற்றை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. சுருட்டு வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தருவது. உள்ளே இழுக்காததால் கேடில்லை என்பது வெறும் சமாதானம்.

யாழ்ப்பாணத்துப் புகைக்குடிலில் வேலை பார்த்தவர்களோ, அவர்களுடைய பிள்ளைகளோ இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், பொச்சோடு வேறு என்ன எரித்தீர்கள், எத்தனை முறை புகை போட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவை அதிலிருந்தே தொடங்க ஆசைப்படுகிறேன்.