கணிப்புகள் நெருங்கும் கடைசி வாரங்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, தூறலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். இந்த அரங்குக்கு நாற்காலிகள் வாங்கித் தந்த பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

அமெரிக்க அதிபர் தேர்தலின் கடைசி வாரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கணிப்புகள் கடைசியில் ஏன் நெருங்குகின்றன, அப்போது வேட்பாளர்கள் வியூகத்தை எப்படி மாற்றுகிறார்கள், அந்த எண்களை நாம் எப்படிப் படிப்பது என்று மூன்று விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கருத்துக்கணிப்பின் அடிப்படையே அதுதான். சரியாகப் பொறுக்கினால் ஆயிரம் பேரின் பதில் பல கோடிப் பேரின் மனதைக் காட்டும். ஆனால் பதம் எப்போது பார்த்தோம் என்பதும் முக்கியம் அல்லவா?

1948-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சியின் ட்ரூமன் அதிபர், குடியரசுக் கட்சியின் டியூயி எதிர்த்து நிற்கிறார். டியூயி வென்றமாதிரிதான் என்று சொல்லி, எல்மோ ரோப்பர் என்ற கணிப்பாளர் செப்டம்பரிலேயே கணிப்பு வெளியிடுவதை நிறுத்திக்கொண்டார். காலப் என்ற கணிப்பு நிறுவனத்தின் கடைசிக் கணிப்பு டியூயிக்கு 49.5 சதவீதம், ட்ரூமனுக்கு 44.5. நியூஸ்வீக் இதழ் கேட்ட 50 அரசியல் செய்தியாளர்களில் ஐம்பது பேருமே டியூயி என்றார்கள். டியூயியும் அதை நம்பி, யார் மனமும் நோகாமல் பொதுப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார். ட்ரூமனோ ரயிலில் ஊர் ஊராகப் போனார். சின்னச் சின்ன நிலையங்களில் கடைசிப் பெட்டியின் மேடையில் நின்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியை, ஒன்றும் செய்யாத காங்கிரஸ் என்று விளாசினார். தேர்தல் அன்று மாலை, நிருபர்களுக்குத் தெரியாமல் எக்செல்சியர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரின் விடுதிக்குப் போய், லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நடுராத்திரியில் விழித்து வானொலியைத் திருகினால், ட்ரூமன் பத்து லட்சம் வாக்குகளுக்கு மேல் முந்துகிறார், ஆனாலும் தோற்றுவிடுவார் என்கிறார் செய்தி விமர்சகர் கால்டன்பார்ன். அணைத்துவிட்டு மறுபடியும் தூங்கினார் மனிதர்! விடிவதற்குள் காவலர்கள் எழுப்பி, வெற்றி உறுதி என்றார்கள். அப்புறம் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில், 'டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று முந்திக்கொண்டு அச்சடித்த சிகாகோ ட்ரிப்யூனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாரே, அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

1968-இல் வேறு கதை. செப்டம்பர் கடைசியில் காலப் கணிப்பில் குடியரசுக் கட்சியின் நிக்சன் 43, ஜனநாயகக் கட்சியின் ஹம்ப்ரி 28, மூன்றாவது வேட்பாளர் வாலஸ் 21. செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில், வட வியட்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்துவேன் என்று ஹம்ப்ரி பேசினார். வாலஸ் பக்கம் போன தொழிலாளர்களைத் தொழிற்சங்கங்கள் இழுத்துவந்தன. அக்டோபர் 31 அன்று ஹம்ப்ரியின் கட்சிக்காரரான அதிபர் ஜான்சனே குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்தார். முடிவில் நிக்சன் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் வென்றார். கோபித்துக்கொண்டு போனவர்கள் சொந்தக் கட்சிக்குத் திரும்புவதும், மூன்றாவது வேட்பாளர் கரைவதும் கடைசியில் நடக்கிற விஷயங்கள். இடைவெளி சுருங்குவதற்கு இவை பெரிய காரணம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. அமெரிக்காவில் இருப்பது ஒரே பானையா? ஐம்பது மாநிலங்களும் தலைநகரமும் தனித்தனிப் பானைகள். பெரும்பாலான மாநிலங்களில், அங்கே முந்துகிறவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் எல்லாம் போகும். அந்தத் தேர்வாளர் வாக்குகளில் பெரும்பான்மை பெறுகிறவர்தான் அதிபர். 2016-இல் நாடு முழுவதற்குமான கணிப்புகள் பெரிதாகத் தவறவில்லை. ஹிலாரி கிளிண்டன் டிரம்பைவிட இரண்டு சதவீதம் அதிகமாகவே வாக்கு வாங்கினார். ஆனால் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80,000-க்கும் குறைவான வாக்குகளில் அதிபர் பதவி கைநழுவிப் போனது. கட்சி மாநாட்டுக்குப் பிறகு அவர் விஸ்கான்சினுக்குப் பிரசாரத்துக்கே போகவில்லை. அங்கு எடுத்த கணிப்புகள் பலவற்றில், கல்லூரி போகாத வாக்காளர்களுக்கு உரிய எடை கொடுக்கப்படவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கணிப்புகள் நம் நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வரும்போது என்ன வருகிறது? இவர் 48, அவர் 46, இவர் முன்னிலை. அவ்வளவுதான்! ஆயிரம் பேரைக் கேட்டிருந்தால் ஒவ்வோர் எண்ணும் மூன்று புள்ளி மேலே கீழே போகலாம். அப்படியென்றால் அந்த முன்னிலை உண்டா இல்லையா என்றே சொல்ல முடியாது. வாசகருக்கு இதை யார் சொல்வது? நம் ஊர்த் தேர்தல் கணிப்புகளுக்கும் இதே கதிதான்.

அதனால்தான் நாங்கள் கேட்கிறோம். எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எந்தத் தேதிகளில், நேரிலா தொலைபேசியிலா, யார் பணம் கொடுத்தார்கள், பிழை எல்லை எவ்வளவு? எண்ணை அச்சிடும் இடத்திலேயே இதையும் அச்சிடுங்கள். இரண்டு வரி போதும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், எந்தப் பானை, யார் பதம் பார்த்தார்கள் என்று கேட்கச் சாப்பிடுகிறவருக்கு உரிமை உண்டு.

இந்தக் கோரிக்கையைத் தமிழ் நாளிதழ்களின் ஆசிரியர்களுக்கும் செய்தித் தொலைக்காட்சிகளுக்கும் அனுப்பப்போகிறோம். மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. மாணவர்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள். பெரியவர்கள் பெயருடன் ஊரையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.